நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்கள்

தள்ளுபடி கொடுப்பது யாராலும் முடியும். அது யாருக்கெல்லாம் கிடையாது என்று எழுதத்தான் எங்களைப் போன்றவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

நீங்களும் ஒரு நாள் ஆன்லைன் கடையில் நாலு பொருளைப் பொறுக்கிக் கூடையில் போட்டு, கூப்பனை அடித்து, பணம் கட்டப் போகும் நேரத்தில் 'மன்னிக்கவும், இந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது' என்று சிவப்பு எழுத்து வந்து நின்றதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் பொருந்தாது, நான் என்ன பாவம் செய்தேன் என்று போனைப் பார்த்துக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் நான்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்ற கடைகளில் அதே சிவப்பு எழுத்தைப் பார்த்து நானும் பல்லைக் கடிக்கிறேன்.

புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிப் பாடம் படித்து, பிரான்சுக்குப் போய் ஒரு பெரிய கடையில் இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலையைப் பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பினேன். இப்போது உழவர்கரையில் ஃபிலோமின் அக்காவின் கடையில் இருக்கிறேன். படியேறிப் போய் வாங்கும் கடை இல்லை. கீழே குடோன், மாடியில் மூன்று மேஜை, மீதியெல்லாம் போனுக்குள். படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு, வேட்டி, நைட்டி விற்கிறோம். ஃபிலோமின் அக்கா பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். இன்றைக்கும் என்னை அந்த வகுப்பிலிருந்துதான் பார்க்கிறார். மூன்றாவது மேஜை சுமதியுடையது. திருக்கனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். போன் எடுப்பது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது, நடுநடுவே என்னைத் திருத்துவது, எல்லாம் அவள் பொறுப்பு.

கீழே நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு தள்ளுபடி பிழைக்குமா, தீபாவளியோடு போய்விடுமா என்ற கவலையில் போய் முடியும். ஆனால் இந்த ஊரில் நான் முதலில் எப்படியெல்லாம் அடிபட்டேன் என்று தெரிந்தால்தான் அந்தக் கவலை உங்களுக்கும் ஒட்டும்.

முதல் முறை வாங்குகிறவர்

எங்கள் கடையின் மூத்த நிபந்தனை இது: முதல் முறை வாங்குகிறவருக்குத் தள்ளுபடி. முதல் முறையா இல்லையா என்று கண்டுபிடிக்க நாங்கள் போன் நம்பரைப் பார்க்கிறோம். உழவர்கரையிலேயே, எங்கள் குடோனிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில், கோதண்டராமன் என்று ஒருவர் இருக்கிறார். முதலில் தன் நம்பரில் வாங்கினார். அடுத்து மனைவி நம்பர். பிறகு மகன், மருமகள், மாடியில் குடியிருக்கும் மின்வாரியக்காரர். முகவரி மட்டும் மாறவே இல்லை.

வெளிநாட்டில் கற்ற வித்தையைக் காட்டினேன். ஒரு முகவரிக்கு ஒரு முதல் முறைதான் என்று நிபந்தனை சேர்த்தேன். அடுத்த ஆர்டரில் அவர் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் 'பின்பக்கம்' என்று ஒரு சொல் முளைத்தது. அதற்கடுத்ததில் 'மாடி'. பிறகு 'வேப்பமரத்துக்கு எதிரில்'. கம்ப்யூட்டருக்கு அவை தனித்தனி வீடுகள். சரி என்று, ஒரே முகவரி, ஒரே நம்பர், ஒரே போன், எது ஒத்துப்போனாலும் கிடையாது என்று வலையை இறுக்கினேன். அந்த இறுக்கம் பின்னால் வேறு யாரையோ பிடித்தது, அதற்கு வருகிறேன். அன்றைக்கு சுமதியிடம் சொல்லி, அவரையே கொஞ்சம் நயமாகக் கேட்கச் சொன்னேன். "சார், எத்தினி தடவதான் சார் மொத தடவ வாங்குவீங்க?" என்றாள். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

"என்னம்மா பண்றது, உங்க கடையில வாங்குறப்போ எனக்கு ஒவ்வொரு தடவையும் மொத தடவ மாதிரியே இருக்குதே!"

605

பொங்கலுக்கு 'நம்ம புதுச்சேரிக்காரங்களுக்கு' என்று ஒரு சலுகை. யார் புதுச்சேரிக்காரர்? பின்கோடு 605 என்று ஆரம்பித்தால் புதுச்சேரி என்று எழுதினேன். சின்ன வயதிலிருந்து கடித உறைமேல் எழுதிப் பழகிய எண். எழுதி முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். விழுப்புரமும் 605தான். ஆகவே விழுப்புரத்துக்காரர்கள் அன்று காலையில் மொத்தமாகப் புதுச்சேரிக்காரர்களாகி, சந்தோஷமாக வாங்கினார்கள். அவர்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

குறை தெற்கிலிருந்து வந்தது. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. தமிழ்நாட்டைத் தாண்டிக் காரைக்கால், கேரளத்துக்குள் மாஹே, ஆந்திரத்துக்குள் ஏனாம் என்று சிதறிக் கிடக்கிறது. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானே பிரெஞ்சில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் உருப்போட்டுப் பரீட்சை எழுதியவன். நிபந்தனை எழுதும்போது மட்டும் மறந்துபோனேன். இத்தனைக்கும், முதலில் சோதித்துப் பார்த்தபோது, இன்னும் மாற்றாமல் வைத்திருந்த என் பிரான்ஸ் முகவரியில் சொந்த ஊர்ச் சலுகை எனக்கே கிடைக்கவில்லை. அதை நான் பிழை என்றே நினைக்கவில்லை. சரிதானே என்று நகர்ந்துவிட்டேன். காரைக்காலிலிருந்து போன் செய்த அம்மாள் அப்படி நகர்கிறவராக இல்லை. குரலில் சூடே இல்லை, அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

"ஓட்டுப் போட்டு மந்திரி ஆக்குறதுக்கு மட்டும் நாங்க புதுச்சேரி, ஒரு போர்வ வாங்குனா மட்டும் வேத்து ஊரா தம்பி?"

விடியற்காலைச் சலுகை

இது ஃபிலோமின் அக்காவின் யோசனை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட ஒரு பெரிய தள்ளுபடி வேண்டும். ஆனால் யாரும் அதை வாங்கிவிடக் கூடாது. எங்கள் தொழிலில் இதற்கு மரியாதையான பெயர்கள் உண்டு. அக்கா வைத்த பெயர் 'கண்ணாடிக்குள்ள லட்டு'. விடியற்காலை நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஆர்டர் போடுகிறவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை எழுதினேன். அந்த நேரத்தில் எழுந்து யார் துண்டு வாங்கப் போகிறார்கள்?

வீராம்பட்டினம் எழுந்திருந்தது. படகு தள்ளப் போகிறவர்கள், அவர்களை அனுப்பிவிட்டு அடுப்பு மூட்டும் பெண்கள், கரையில் கூடையோடு காத்திருப்பவர்கள், எல்லோர் கையிலும் போன். ஆடி மாசம், அம்மன் தேர் நெருங்குகிற சமயம் வேறு. வீடு கொள்ளாமல் விருந்தாளி வருவார்கள், எல்லோருக்கும் விரிக்கவும் போர்த்தவும் வேண்டும். காலையில் நான் வந்தபோது குடோனில் நீலப் போர்வை ஒன்றுகூட மிச்சமில்லை. ஃபிலோமின் அக்கா ஆர்டர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். வீராம்பட்டினம், வீராம்பட்டினம், வீராம்பட்டினம். என்னைத் திட்டுவதற்காக மூச்சை இழுத்த நேரத்தில், நன்றி சொல்ல ஒரு மீனவப் பெண் போன் செய்துவிட்டார். ஸ்பீக்கரில் கேட்ட அக்கா, இழுத்த மூச்சை அப்படியே விட்டார்.

"கட, ஆபீசு எல்லாம் அவங்க நேரத்துக்குத் தொறப்பாங்க, அவங்க நேரத்துக்கு மூடுவாங்க. எங்க நேரத்துக்கு ஆஃபர் போட்ட மொத ஆளு நீங்கதாம்மா!"

எந்தப் பிறந்த நாள்?

பிறந்த மாதத்தில் தள்ளுபடி என்பது ஆபத்தே இல்லாத நிபந்தனை என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். வருஷம் பூராவும் ஜனங்கள் பரவலாகப் பிறந்திருப்பார்கள் என்பது கணக்கு. இங்கே ஐம்பது தாண்டியவர்களில் பெரிய கூட்டம் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் விரல்விட்டு எண்ணிப் போட்டுக்கொடுத்த தேதி அது. பெற்றவர்களுக்கு நட்சத்திரம் ஞாபகம் இருக்கும், தேதி இருக்காது. ஃபிலோமின் அக்கா வீட்டிலோ பிறந்த நாளைவிடப் பெயருக்குரிய புனிதரின் திருநாளுக்குத்தான் கேக் வெட்டுவார்கள். ஜூன் மாதம் குடோன் திணறிப்போயிற்று. சான்றிதழ் தேதி வேண்டாம், பிறந்த மாதத்தை வாடிக்கையாளரே சொல்லட்டும் என்று மாற்றினேன். வில்லியனூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து நிதானமாக விசாரித்தார்.

"சர்டிபிகேட்டுல பொறந்தத சொல்லணுமா, எங்கம்மாவுக்குப் பொறந்தத சொல்லணுமா?"

துண்டுக்குத் துண்டு

அறுபது தாண்டியவர்களுக்கான தள்ளுபடியில் மட்டும் நான் கறாராக இருந்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கோதண்டராமன் வீட்டில் இருபத்தைந்து வயது மருமகள்கூட அறுபது ஆகிவிடுவாரே என்ற பயம்தான்.

இந்த ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அவர்கள் வருஷா வருஷம் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பழைய சிப்பாய் போன் செய்தார். நான் பிரெஞ்சு பேசுவேன் என்று தெரிந்ததும் குரல் குழைந்தது; நான் 'முசியே' ஆனேன், அதாவது ஐயா. எந்தப் பள்ளி, யார் பிள்ளை, பிரான்சில் எந்த ஊர், அங்கே குளிர் எப்படி என்று எல்லாம் பிரெஞ்சில் விசாரித்தார். விசாரிப்பு முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழுக்கு மாறினார். திட்டுவதற்கு அதுதான் தோது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலமே அந்த நிபந்தனையைத் திருத்தி, ஒருமுறை சொன்னால் போதும், அப்புறம் கடையே நினைவில் வைத்துக்கொள்ளும் என்று ஆக்கினேன்.

"நான் உசுரோட இருக்கேன்னு பிரான்சுக்காரனுக்கே வருஷத்துக்கு ஒரு தடவதான் காட்டுறேன். உமக்கு மட்டும் துண்டுக்குத் துண்டு காட்டணுமா, முசியே?"

டீக்கடை முகவரி

கோரிமேட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். நோயாளிக்குக் கட்டில் கிடைக்கும். கூட வந்தவருக்குத் தரைதான். அப்படிக் கூட வந்திருந்தவர் அஞ்சலை. திருக்கோவிலூர் பக்கம் ஊர். கணவர் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். அவரைத் தனியாக விட்டுவிட்டு டவுனுக்குப் போக முடியாது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் தங்கையிடம் போனை வாங்கி, எங்கள் கடையில் இரண்டு விரிப்பு போட்டார். முகவரி என்ற இடத்தில், ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடை.

சிவப்பு எழுத்து வந்துவிட்டது. அந்தப் போனில் அதன் சொந்தக்காரி ஏற்கெனவே முதல் முறைத் தள்ளுபடியை வாங்கியிருந்தார். டீக்கடை முகவரிக்கும் யாரோ வாங்கியிருந்தார்கள். கோதண்டராமனைப் பிடிக்க நான் இறுக்கிய வலையில் அஞ்சலை வந்து மாட்டிக்கொண்டார். போன் செய்து, "மொத தடவ வாங்குறவங்களுக்குக் கொறச்சிக் குடுப்பீங்கன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார். சுமதி என்னைப் பார்த்தாள். நான் திரையில் இருந்த நிபந்தனையைப் பார்த்தேன். நான் வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கமிருந்தே பதில் வந்துவிட்டது.

"இல்லன்னா பரவால்லம்மா. ஒரு விரிப்பு மட்டும் போடுங்க, அவருக்கு. எனக்குத்தான் பொடவ இருக்குதே, அதையே விரிச்சிக்கறேன்."

கெடு

போனை வைத்ததும் சுமதி நேராக ஃபிலோமின் அக்காவின் மேஜைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தள்ளுபடி வேண்டும் என்றாள். எனக்குத் தெரிந்து அவள் எதையும் இப்படி நின்றுகொண்டு கேட்டதில்லை. அக்கா, "பாதி வெல போடு" என்றார். நானே எதிர்பார்க்கவில்லை. அவர் வியாபாரி, ஆனால் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது மட்டும் விலை கேட்காத வியாபாரி.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று எழுத வேண்டியது நான். முதலில் சோம்பேறித்தனமாகக் கோரிமேட்டுப் பின்கோடை வைத்தேன். 605-இல் வாங்கிய அடி போதவில்லை போல. அங்கே வீடு கட்டிக்கொண்டு நலமாக இருப்பவர்களுக்கெல்லாம் பாதி விலையில் நைட்டி போயிற்று. அதே சாலையில் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பின்கோடில், அறை எடுத்துத் தங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு என்னையும் சுமதியையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்த ஊரு பூரா நோயாளி ஆயிடுச்சின்னா, நானே என் கையால நிறுத்திடுவேன். அப்பறம் யாரும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

எக்ஸ்ரே

கெடு வந்ததும் எனக்குள் இருந்த பழைய அதிகாரி விழித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டின் படத்தை அனுப்பினால்தான் பாதி விலை என்று எழுதினேன். சீட்டு மட்டும் போதும் என்று தெளிவாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் கஷ்டத்தில் இருக்கும் மனிதர்களுக்கு, கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்தால்தான் நம்புவார்கள் என்று ஒரு எண்ணம். மாவுக்கட்டு போட்ட கால் வந்தது. தையல் போட்ட வயிறு வந்தது. எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எடுத்த படம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாளின் முகம் வந்தது. அவருக்குத் தன்னைப் படம் எடுத்ததே தெரிந்திருக்காது.

இவற்றையெல்லாம் பார்த்து, சரி, சரியில்லை என்று அழுத்துவது சுமதியின் வேலையாகிவிட்டது. மதியச் சாப்பாட்டை அவள் தொடாமலே மூடி வைத்ததை இரண்டு நாள் கவனித்தேன். மூன்றாவது நாள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சார், நாம விக்கிறது துண்டு. எக்ஸ்ரே பாத்துத் துண்டு குடுக்கற கட ஒலகத்துலியே நம்முதாத்தான் சார் இருக்கும்!"

ஒரு கட்டம்

கடைசியில், இத்தனை வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தேன். சரிபார்க்காத ஒரு நிபந்தனை எழுதினேன். பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதன் பக்கத்தில் 'எங்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்' என்று ஒரு வரி. அதில் டிக் போட்டால் பாதி விலை. சீட்டு வேண்டாம், படம் வேண்டாம். தன் கஷ்டத்தை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டாமே என்று, ஒரு தரம் போட்ட டிக்கைக் கடையே நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்தேன். பழைய சிப்பாய் கற்றுக்கொடுத்த பாடம். முதல் டிக் அஞ்சலையுடையது. சுமதி அந்த நம்பருக்கே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த மகளின் போனிலிருந்து ஆர்டர் வந்தது: ஒரு விரிப்பு, டீக்கடை முகவரி. இந்த முறை தனக்கு.

ஃபிலோமின் அக்கா கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பிரான்சுல இதத்தான் கத்துக்கினு வந்தியா செல்வம்?" என்று கேட்டார். தீபாவளிக் கூட்டம் ஏறத் தொடங்கியது. தினமும் காலையில் வந்ததும் வராததுமாக, "இன்னிக்கி எத்தினி நோயாளி?" என்பார். கூட்டம்தான் ஏறியது, நோயாளிகள் ஏறவில்லை. கட்டம் கெட்டுப்போய்விட்டதோ என்று மூன்று போன்களில் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் கோதண்டராமன் போன் செய்தார். புதிதாக ஒரு கட்டம் இருக்கிறதே, அது என்ன?

சுமதி ஸ்பீக்கரைப் போட்டாள். டிக் போட்டால் பாதி விலை சார் என்றாள். யாரும் கேட்க மாட்டீர்களா? கேட்க மாட்டோம். சீட்டு? வேண்டாம். அக்கா தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். இந்த மனிதர் மட்டும் டிக் போட்டால் தள்ளுபடி அன்றோடு சரி. பின்பக்கம், மாடி, வேப்பமரம் எல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்துவிடும். அந்தப் பக்கமிருந்து பதறிக்கொண்டு வந்தது குரல்.

"அய்யய்யோ, நல்ல நாளும் அதுவுமா, வீட்டுல ஆளு படுத்திருக்குன்னு நானே என் கையால டிக் போடுவனா? பலிச்சிடும்மா! எங்கிட்ட புது நம்பர் ஒண்ணு இருக்குது, நீங்க மொத தடவையிலியே போட்டுக்குங்க."

வெளியே போகும் வழி

தீபாவளி வாரம். கெடு முடிகிற நாள். காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டுத் தன் திரையைக் காட்டினார். டிக் போட்ட ஓர் ஆர்டர். கரை போட்ட புது வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, பாதி விலை. முகவரி டீக்கடை இல்லை. திருக்கோவிலூர் பக்கத்து ஊர். பெயர் அஞ்சலை. "பாத்தியா? ஆளு ஊரு போயாச்சி. தள்ளுபடி மட்டும் போவல" என்றார். அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. அவர் சொன்னதும் நியாயம். ஒரு தரம் போட்ட டிக்கை மறக்காதே என்று எழுதியவன் நான். வருகிற தீபாவளிக்கும், அதற்கடுத்த தீபாவளிக்கும் அவர்கள் வீட்டில் யாரோ ஆஸ்பத்திரியிலேயே இருப்பார்கள். கட்டத்தை எடுத்துவிடலாம் என்று என் மேஜைக்குத் திரும்பினேன்.

"இருங்க சார்" என்றாள் சுமதி. காலையில் குவிந்திருந்த வாட்ஸ்அப் செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தவள், ஒரு குரல் செய்தியைச் சத்தமாக வைத்தாள். ஆர்டர் போட்ட கையோடு அனுப்பப்பட்டது. பின்னால் கோழி சத்தமும், எதற்கோ அதட்டும் ஓர் ஆணின் குரலும் கேட்டன.

"அம்மா, டீக்கடைக்கு விரிப்பு அனுப்பச் சொன்ன அஞ்சலை பேசறேன். அவரு எழுந்து நடக்கறாரும்மா, வீட்டுக்கு வந்துட்டோம். தீபாவளிக்கு அவருக்கு வேட்டி போட்டா, அந்தப் பாதி வெல தானா வந்து நிக்குது. நானும் எம்பொண்ணும் எங்க அழுத்தினாலும் போவ மாட்டேங்குது. அத எடுத்துட்டு முழு வெலையே போட்டுக்குங்க. ஆளு குத்துக்கல்லாட்டம் எதுர ஒக்காந்துக்கினு என்னை அதட்டிக்கினு இருக்கறப்போ, ஆஸ்பத்திரித் தள்ளுபடி ஒட்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்குது?"

அக்கா இன்னொரு தரம் வைக்கச் சொன்னார். அந்த அதட்டல் வருகிற இடத்தில் லேசாகச் சிரித்தார். சிலுவைக்குறி போட்டுக்கொண்டாரா, கண்ணைத் துடைத்தாரா என்று தெரியவில்லை. கை முகத்துக்குப் போய் வந்தது. எனக்கோ ஒரே ஒரு விஷயம்தான் உறைத்தது. உள்ளே வருவதற்கு எத்தனையோ நிபந்தனைகள் எழுதியிருக்கிறேன், இரண்டு தேசங்களில். தள்ளுபடி போதும், நான் கிளம்புகிறேன் என்று ஒருவர் சொல்வார் என்று எங்கள் தொழிலில் யாரும் நினைத்ததில்லை. அதற்கு ஒரு பொத்தானே இல்லை. இப்போது இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குக் கீழேயே, 'வீட்டுக்கு வந்துவிட்டார்' என்று போட்டிருக்கிறது. அழுத்துகிறார்கள். யாராவது அழுத்தினால் சுமதி மேஜையிலிருந்தபடியே சத்தமாக ஊர்ப் பெயரைச் சொல்வாள்; நாங்கள் இருவரும் தலையைத் தூக்கிப் பார்ப்போம். அன்று காலை அக்கா சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"உள்ள வர்றதுக்கு இத்தினி கதவு வெச்சியே செல்வம், வெளிய போறதுக்கு ஒண்ணாச்சும் வெச்சியா? போ, மொதல்ல போயி அத வையி. தள்ளுபடி இருக்கட்டும்."

ஆக, இத்தனை வருஷமாக நான் எழுதிய நிபந்தனைகளில் கோதண்டராமனே பயந்து ஒதுங்கிய ஒரே நிபந்தனை, நான் எதையும் சரிபார்க்காமல் விட்டதுதான். பிரான்சில் இருக்கும் என் பழைய முதலாளியிடம் மட்டும் தயவுசெய்து இதைச் சொல்லிவிடாதீர்கள்.